கடைசி முடுக்கு

மார்ச் 4

தம்பிக்கு,

ரெண்டு வருஷத்துல நான் போட்ட ஒன்பது லெட்டருக்கும் நீ பதில் போடலை. இது பத்தாவது. இதுல உன் உடம்பு எப்படி இருக்கு, சாப்பாடு எப்படின்னு ஒண்ணும் கேக்கப் போறதில்லை. வண்டியைப் பத்திக் கேக்கப் போறேன். அதுக்காவது வாயைத் திற.

அப்பாவோட கார் நீ விட்டுட்டுப் போன மாதிரியே ஷெட்ல குழிக்கு மேல நிக்குது. முன்பக்கம் ரெண்டு ஸ்டாண்டு மேல, சக்கரம் இல்லாம. சக்கரத்தைத் தாங்குற இடது பக்க லோயர் ஆர்மை நீ கழட்டிப் போட்டது சாக்கு மேல கிடக்கு. அதோட ஓட்டையில இருக்கிற பழைய புஷ், அந்த இரும்பு ரப்பர் வளையம் ரெண்டும் உள்ளேயே வெடிச்சு, ரப்பர் தூள் தூளா கொட்டுது. வலது பக்கம் இன்னும் கழட்டலை. அந்த போல்ட்ல ஸ்பேனரை மாட்டி, ஸ்பேனர்ல இரும்புக் குழாயைச் சொருகி நீ மிதிச்சுக்கிட்டு இருந்தப்பதானே அன்னிக்கு அது நடந்தது. ஸ்பேனர் இன்னும் போல்ட்லயே தொங்குது. குழாயைத்தான் போலீஸ்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க.

புது புஷ் நாலும் அட்டைப் பெட்டியில பிரிக்காம இருக்கு. பின்சீட்டை எலி கடிச்சிருந்தது, அதை நானே தைச்சுட்டேன். சீட் தைக்கிறவளுக்கு அது ஒரு வேலையா? ஆனா இந்த புஷ் மாத்துற வேலை எனக்குத் தெரியாது. நீ எழுது, நான் செய்றேன். வெளிய மெக்கானிக் யாரையும் கூப்பிட முடியாது. என் வீட்டுக்காரர், உன் மாமா, ஷெட்டுக்குள்ள வேற ஆம்பளை கால் வைக்க விட மாட்டார்.

ஜூன் 28 உனக்கு விடுதலைன்னு வக்கீல் சொன்னார். அதுக்குள்ள இந்த வண்டி ஓடணும். ஏன்னு கேக்காதே. பதிலை வீட்டுக்குப் போடாம, நான் நூல் வாங்குற கடைக்குப் போடு. விலாசம் பின்னால இருக்கு.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா என்கிட்டயே வந்து புஷ் மாத்தச் சொல்லிக் குடுன்னு கேப்பே? கூண்டுல ஏறி நின்னு, ஜட்ஜ் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க, என் தம்பிதான் அடிச்சான், மூணு அடி, குழாயால"ன்னு சொன்ன வாய்தானே இது. எத்தனை அடின்னுகூட எண்ணிச் சொன்னே. பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னிக்கே வீட்டுக்கு வந்திருப்பேன். யாருக்காக அடிச்சேன்? உனக்காக. அவன் கை உன் மேல படக் கூடாதுன்னு அடிச்சேன். அதுக்குக் கூடப்பிறந்தவ குடுத்த பரிசு மூணு வருஷம்.

மாமாவாம். அவனை மாமான்னு சொல்ல எனக்கு நாக்கு கூசுது.

வண்டியைத் தொடாதே. நான் வந்து பார்த்துக்கறேன். அது அப்பா ரெண்டு பேருக்கும்னு சொல்லிட்டுப் போனது. உன் புருஷன் விக்கிறதுக்காக நீ பூட்டித் தர வேண்டிய அவசியம் ஒண்ணும் இல்லை.

நான் இதோட முடிச்சுக் குடுக்கத்தான் போனேன். இங்க நம்ம லெட்டரையெல்லாம் படிச்சுப் பார்த்து அனுப்புற வார்டர் ஒருத்தர் இருக்கார். கண்ணாடி தடிமனைப் பார்த்து எல்லாரும் சோடாபுட்டின்னு சொல்லுவோம். அவர்கிட்டயும் ஒரு பழைய வண்டி இருக்காம். உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சிருக்கார். "ஏம்ப்பா, வலது பக்கம் ஸ்பிரிங் இன்னும் உள்ளதானே இருக்கு? அந்தம்மா பாட்டுக்கு போல்டை உருவிட்டா என்ன ஆகும்?"னு கேட்டார். மறுபடி பேனாவை எடுத்தேன்.

அதனால ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அந்த ஆர்முக்கு மேல இருக்கிற ஸ்பிரிங் ஒரு ஆள் கழுத்தைத் திருகிப் போடுற வேகத்துல அமுங்கி உக்காந்திருக்கு. மேல் அலமாரியில கொக்கி வச்ச நீள கிளாம்ப் ரெண்டு இருக்கும். ஸ்பிரிங்கோட ரெண்டு பக்கமும் அதை மாட்டி, மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு. ஸ்பிரிங் ஆடுற அளவுக்குச் சுருங்கின பிறகுதான் போல்டை உருவணும். முகத்தை நேரா வைக்காதே. போதும், இதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதே.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

கிளாம்ப் கிடைச்சுது. ஒரு பகல் முழுக்க ஆச்சு, ஆனா ஸ்பிரிங் சமத்தா வெளிய வந்துடுச்சு. சோடாபுட்டி ஐயாவுக்கு என் நன்றியைச் சொல்லிடு. நீயா இருந்தா சொல்லியிருக்க மாட்டே, எனக்குத் தெரியும்.

இப்போ கோர்ட் விஷயம். நீ கேட்டுட்டே, நானும் சொல்லிடறேன். ஜட்ஜ் என்ன பார்த்தேன்னு கேட்டார், பார்த்ததைச் சொன்னேன். நீ அடிச்சது உண்மை. எனக்காக அடிச்சேன்னு சொன்னியே, அதுதான் பொய்.

உன் ரூமுக்கும் எங்க சமையலறைக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவர். நீ அந்தப் பக்கம் இருமினா எனக்கு இந்தப் பக்கம் கேக்கும். ஆறு வருஷம் என்னை அந்தச் சுவத்துல மோதி மோதி அடிச்சார். ஒவ்வொரு தடவையும் நீ என்ன பண்ணினே? ரேடியோ சத்தத்தைக் கூட்டி வச்சே. அடி விழறப்போ எனக்கு வலியைவிட அந்த ரேடியோதான்டா தாங்க முடியாது. அன்னிக்கு அவர் என்னை அடிக்கலை. ஷெட்டுக்கு வந்து, இந்தப் பழைய தகரத்துக்கு எத்தனை நாள்டா சீமந்தம் பண்ணுவேன்னு கேட்டு காரோட கதவை உதைச்சார். கதவு ஒடுங்கிச்சு. அப்பதான் உனக்கு ரத்தம் கொதிச்சுது. நீ குழாயை ஓங்கினப்போ உன் முகத்தைப் பார்த்தேன். அச்சு அசல் அவர் முகம்.

உன்னால எனக்கு ஆன நல்லது ஒண்ணு உண்டு. நீ அடிச்சதுல முட்டி போனதால அவருக்கு இப்போ கையில ஒரு தடி. முன்னாடியெல்லாம் வெறும் கை.

சரி, வேலைக்கு வர்றேன். பழைய புஷ் வர மாட்டேங்குது. மேஜையில பூட்டின வைஸ் இருக்கே, அந்தத் திருகி இறுக்குற இரும்புத் தாடை, அதுல ஆர்மைக் கடிக்க வச்சு, ஒரு பக்கம் பெரிய சாக்கெட், ஒரு பக்கம் சின்ன சாக்கெட் வச்சுத் திருகினேன். நடு ரப்பர் பிதுங்கி வந்துடுச்சு, வெளிவட்ட இரும்பு மட்டும் துரு ஏறி ஒட்டிக்கிட்டு நிக்குது. ஹாக்ஸா பிளேடைக் கழட்டி ஓட்டைக்குள்ள விட்டு அறுத்தேன். பிளேடு நழுவி உள்ளங்கை கிழிஞ்சுது. நாலுல மூணு வந்தாச்சு.

ஏன் அவசரம்னு சொல்லிடறேன். விக்கிறதுக்கு இல்லை. தூரத்து ஊர்ல பஸ்ஸுக்கு சீட் தைக்கிற கம்பெனியில வேலைக்கு எழுதிப் போட்டேன். மே மாசம் வரச் சொல்லியிருக்காங்க. நான் போறேன். என் மிஷினையும் துணியையும் ஏத்திக்கிட்டு அப்பா வண்டியில போறேன். நீ வெளிய வர்றப்போ அவரும் நானும் ஒரே வீட்ல இருந்தா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். அப்புறம் உன்னை ஜன்மத்துக்கும் வெளிய விட மாட்டாங்க.

புதுசை எப்படி ஏத்துறதுன்னு எழுது.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

ரேடியோ விஷயத்தைப் படிச்சேன். நாலு நாளா பேப்பரை எடுத்து எடுத்து வச்சேன். எழுத வரலை. வேலையைச் சொல்றேன், அது வரும்.

அறுத்த ஓட்டைக்குள்ள சுரண்டி, உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்கு. புது புஷ்ஷுக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவிடாதே, ரப்பரைத் தின்னுடும். சோப்புத் தண்ணி போதும். அதே வைஸ், அதே ரெண்டு சாக்கெட். கோணலாப் போச்சுன்னா நிறுத்தி வெளிய எடுத்துத் திரும்ப ஆரம்பி. சுத்தியல் எடுத்தே, கொன்னுடுவேன்.

அடுத்ததுதான் முக்கியம். ஆர்மை வண்டியில மாட்டி, ஸ்பிரிங்கை உக்கார வச்சு, நாலு போல்டையும் சொருகினதும் நட்டைக் கையால மட்டும் திருகி விடு. ஸ்பேனர் போடாதே. இந்த புஷ் உருளுற சாமான் இல்லை. நடு இரும்பை போல்ட் கெட்டியாப் பிடிச்சுக்கும், ரப்பர்தான் முறுக்கிக் குடுக்கும். வண்டி அந்தரத்துல தொங்குறப்போ நீ முடுக்கிட்டா, கீழ இறக்கினதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கினபடியே நிக்கும், மூணே மாசத்துல கிழிஞ்சுடும். நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு டாக்டர் வண்டிக்கு அப்படிப் பண்ணி, அப்பாகிட்ட செருப்படி வாங்கினேன்.

அதனால சக்கரத்தை மாட்டி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைத் தரையில இறக்கு. முன்பக்கத்தை நாலு அமுக்கு அமுக்கி விடு. தன் பாரத்துல அது நிம்மதியா உக்காரட்டும். அப்புறம் குழிக்குள்ள இறங்கிக் கடைசி முடுக்கு. அது வரைக்கும் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. கையால திருகின நட்டு ரோட்டுல தானா கழண்டுக்கும், போல்ட் உருவிக்கும், ஆர்ம் விழுந்து சக்கரம் மடிஞ்சு உள்ள போயிடும்.

அப்புறம் அவன் விஷயம். ஜூன் 28 நான் வெளிய வர்றேன்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

உன் லெட்டர்ல "வெளிய வர்றேன்"க்கு அப்புறம் நாலு வரிக்கு சோடாபுட்டி ஐயா மை பூசி அனுப்பியிருக்கார். பூசிட்டா மட்டும் எனக்குத் தெரியாதா நீ என்ன எழுதியிருப்பேன்னு.

புஷ் நாலும் ஏத்தியாச்சு. ரெண்டாவது கோணலாப் போச்சு, எடுத்துத் திரும்ப ஏத்தினேன். ஆர்ம் ரெண்டும் மாட்டியாச்சு. நட்டு நாலும் கையால மட்டும் திருகி விட்டிருக்கேன். இது வரைக்கும் நல்ல சேதி.

நான் வேலை செய்யறதை உன் மாமா தினமும் வாசல்ல நின்னு பார்த்துட்டுதான் இருந்தார். சீட்டு தைக்கிறவ புத்தி தெளிஞ்சு புருஷனுக்கு வண்டி ரெடி பண்றான்னு லாரிக்கு எடை போடற மேடையில தன்கூட வேலை பாக்கிறவங்ககிட்ட சொல்லிச் சிரிச்சாராம். மே 3 ஞாயித்துக்கிழமை அதை ஓட்டிக்கிட்டு, மலைப்பாதையைத் தாண்டி அவங்க அண்ணன் வீட்டுக்குப் போறதா முடிவு. அங்க ஒருத்தர் பழைய வண்டியெல்லாம் வாங்குவாராம். கிளட்ச் மிதிக்கிற அளவுக்குக் கால் தேறிடுச்சு.

போன வியாழக்கிழமை அந்தக் கம்பெனி லெட்டர் என் தையல் மிஷின் டிராயர்ல அவர் கையில சிக்கிடுச்சு. சத்தம் போடலை. என்னை ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். இடது கையைக் குடுன்னார். வைஸ்ல வச்சுத் திருகினார். புஷ் ஏத்தறதுக்கு நீ சொல்லிக் குடுத்த மாதிரியே நிதானமா, கோணாம. எங்க போறேன்னு கேட்டார், ஒரு சுத்து. எவன் இருக்கான்னு கேட்டார், இன்னொரு சுத்து. நடுவிரலும் மோதிர விரலும் உடைஞ்சது எனக்கே கேட்டுது. அப்புறம் அந்தக் கைப்பிடியை அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார். திரும்பி வந்துதான் கழட்டினார். வலது கை நல்லா இருக்கு, அதனால எழுதறேன். துணியை இழுத்துப் பிடிக்க இடது கை வேணும். இனிமே எந்தக் கம்பெனி என்னை எடுக்கும்?

டேய், அந்த நாலு நட்டும் கையால திருகினபடியே இருக்கு. நான் விஷம் வாங்க வேண்டாம், குழாயை ஓங்க வேண்டாம். ஒண்ணுமே செய்யாம இருந்தாப் போதும். வண்டியை இறக்கி, தொடைச்சு, சாவியைக் கையில குடுத்துட்டு வாசல்ல நிக்கலாம். மலைப்பாதையில எத்தனை வளைவுன்னு உனக்குத் தெரியும்.

சோடாபுட்டி ஐயா, நீங்களும் படிச்சுக்குங்க. மை தீர்ந்து போகப் போகுது.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

வேண்டாம்க்கா.

உன் லெட்டரை சோடாபுட்டி என் கையில நேரா கொண்டு வந்து குடுத்தார். மை பூசலை. முறைப்படி அவர் அதை மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கணும். ரெண்டு நாள் சட்டைப் பையிலேயே வச்சிருந்தேன்னார், நான் படிச்சதும் திரும்ப வாங்கி அங்கேயே வச்சுக்கிட்டார். "என் வேலை போனாலும் பரவாயில்லைப்பா, அந்தம்மாவை முடுக்கச் சொல்லு, சீக்கிரம் எழுது"ன்னார். அவசரத் தபால்ல இதை அவரே போடறேன்னு சொல்லியிருக்கார்.

விரல் விஷயம் படிச்சதும் நான் சுவத்துல முட்டிக்கிட்டேன், நெத்தியில தையல். அவனை நான் கொல்றேன்னு உனக்கு நாலு வரி எழுதினவன்தான். ஆனா அதையே நீ எழுதிப் படிச்சதும் சோடாபுட்டிகிட்ட பேப்பர் கேட்டு வாங்கிட்டேன். நீ அப்படி எழுதக் கூடாதுக்கா. நீ அப்படிப்பட்டவ இல்லை.

நான் சொல்றதைக் கேளு. முட்டி உடையறப்போ ஒரு சத்தம் வந்துது. ஈரக் குச்சியை மிதிச்ச மாதிரி. இங்க தட்டு விழுந்தாலும், கதவு சாத்தினாலும் எனக்கு அதுதான் கேக்குது. அவனை நினைச்சு நான் ஒரு நாளும் வருத்தப்படலை, ஆனாலும் கேக்குது. முட்டிக்கே இப்படின்னா, உயிருக்கு என்னன்னு யோசிச்சுக்கோ. உனக்கு அது வேண்டாம்.

ரேடியோ விஷயம் நிஜம். எல்லாம் கேட்டுது எனக்கு. நீ வாயில துணியை அடைச்சுக்கிட்டு அழுதது வரைக்கும் கேட்டுது. எனக்கு அவன்னா பயம், அதான் சங்கதி. கையில குழாய் இருந்ததாலதான் அன்னிக்குத் தைரியம் வந்துது, அதுவும் உனக்காக இல்லை. போதுமா? எழுதிட்டேன்.

நாலையும் முடுக்கு. ஒத்தைக் கையால முடியும். ஸ்பேனர்ல ஒரு குழாயைச் சொருகி, குழிக்குள்ள நின்னுக்கிட்டுத் தோளால தள்ளு. வண்டி அவனோட ஒழியட்டும், எனக்கு வேண்டாம். அவன் கிளம்பிப் போனதும் நீ பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடு. நான் வெளிய வந்து அவனைத் தேட மாட்டேன். அப்பா மேல சத்தியம்.

தம்பி


மே 8

தம்பிக்கு,

உன் லெட்டர் சனிக்கிழமை வந்துது. படிச்சேன். நீ சொன்னபடியே செய்யறதுன்னு முடிவு பண்ணினேன். முடுக்கிக் குடுத்துட்டு, அவர் போனதும் பஸ் ஏறுறது. பையைக்கூட நூல் கடையில குடுத்து வச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சக்கரத்தை மாட்டினேன். ஸ்டாண்டை எடுத்து இறக்கினேன். முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கினேன், நல்லா உக்காந்துது. பம்புல இருந்து ஒரு துண்டுக் குழாயைக் கழட்டி எடுத்துக்கிட்டுக் குழிக்குள்ள இறங்கினேன். இறங்கி ஸ்பேனரை முதல் நட்டுல வைக்கிறேன், மேல செருப்பு சத்தம். பத்து மணிக்குக் கிளம்பறேன்னவர் எட்டரைக்கே டிரஸ் பண்ணிக்கிட்டு வந்து நிக்கிறார்.

வெளிய வாடின்னார். வந்தேன். "இன்னும் முடுக்கலை, நாலு நட்டும் லூசா இருக்கு, கால் மணி குடுங்க, இல்லாட்டி சக்கரம் கழண்டுடும்"னு சொன்னேன். அந்த வார்த்தையையே சொன்னேன். நான் வேணும்னே தாமதம் பண்றேன், அதுக்குள்ள எவனோ வரப் போறான்னு அவருக்கு சந்தேகம். தடியால காதோட சேர்த்து ஒண்ணு வச்சார். நான் சக்கரத்து மேல விழுந்தேன். இன்னொண்ணு, விரல் கட்டு மேலயே. அப்புறம் ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணிப் போயிட்டார்.

கல்குவாரி தாண்டி ரெண்டாவது இறக்கத்துல வலது சக்கரம் உள்ள மடிஞ்சிருக்கு. வண்டி பாலத்துச் சுவத்துல போய் நேரா மோதியிருக்கு. ஸ்டீரிங் நெஞ்சுல இறங்கிடுச்சு. லாரிக்காரர் ஒருத்தர் கதவைக் கடப்பாரையால பேர்த்து வெளிய எடுத்தாராம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. முகத்தை எனக்குக் காட்டலை. கையை மட்டும் காட்டினாங்க. வைஸைத் திருகின கை.

நேத்து போலீஸ் வந்து கேட்டாங்க. முடுக்கலைன்னு சொன்னேன், அவர் கேக்கலைன்னு சொன்னேன். காதுல இருக்கிற காயத்தைப் பார்த்து எழுதிக்கிட்டுப் போனாங்க.

அக்கா


மே 14

அக்கா,

சோடாபுட்டியும் நானும் ஒண்ணா உக்காந்து படிச்சோம். மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே இருந்தார்.

உன் மேல ஒரு குத்தமும் இல்லை. நீ சொன்னே, அவன் கேக்கலை, அவ்வளவுதான். எவனாவது உன்னைக் குடைஞ்சு கேட்டா அதையே சொல்லு. உன் வார்த்தையை யாரும் சந்தேகப்பட முடியாது. கூடப்பிறந்தவனுக்காகக்கூடப் பொய் சொல்லாதவ நீ. அன்னிக்கு அதுக்காக உன்னைத் திட்டினேன், இன்னிக்கு அதே வாய்தான் உன்னைக் காப்பாத்துது பாரு. எனக்கு முதல் தடவையா நிம்மதியாத் தூக்கம் வந்துது. உன் பழைய லெட்டரை சோடாபுட்டி இன்னும் சட்டைப் பையிலதான் வச்சிருக்கார், கிழிச்சுடறேன்னார்.

நாப்பத்தஞ்சு நாள்தான். வந்துடறேன். அந்த ஷெட்டைத் திறந்து ரெண்டு பேரும் பொழைச்சுக்கலாம். நீ சீட்டு, நான் சக்கரம்.

தம்பி


மே 21

தம்பிக்கு,

நீ இவ்வளவு சந்தோஷமா எழுதாம இருந்திருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன லெட்டர்ல நான் எழுதினது எல்லாம் நிஜம். ஆனா ஒரு இடத்துல நிறுத்திட்டேன். போலீஸ்லயும் அந்த இடத்துலதான் நிறுத்தினேன். அவர் ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணினார்னு சொன்னேன் இல்லையா. உடனே கிளம்பலை.

வண்டி ஓடிக்கிட்டே நிக்குது. அவர் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ யோசிச்சார். அப்புறம் கண்ணாடியை இறக்கினார். நான் தரையில இருந்து எழுந்து கதவுகிட்ட நின்னேன், நீ குழாயை ஓங்கக் காரணமான அந்த ஒடுங்கின கதவுகிட்ட. என் முகத்தைப் பார்த்து, தணிஞ்ச குரல்ல, "நிஜமாவே முடுக்கலையா?"ன்னு கேட்டார்.

எட்டு வருஷத்துல என்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அந்த ஒரு தடவைதான். நான் என்ன சொன்னாலும் நம்பியிருப்பார், தெரிஞ்சுது அது. முடுக்கலைன்னு சொல்லியிருந்தா இறங்கியிருப்பார்.

"முடுக்கியாச்சு. போயிட்டு வாங்க"ன்னு சொன்னேன்.

காது இரைஞ்சுக்கிட்டு இருந்தது, விரல்ல உயிர் போற வலி, என்ன பேசறேன்னே தெரியலைன்னு உனக்கு எழுதலாம்னு ஒரு வாரம் யோசிச்சேன். அதெல்லாம் சாக்கு. தெரிஞ்சுதான் சொன்னேன். சொல்றப்போ சைடு கண்ணாடியில என் முகம் தெரிஞ்சுது. எனக்குப் பழக்கமான முகம்தான் அது. அவர்கிட்ட பார்த்திருக்கேன், உன்கிட்டயும் ஒரு தடவை.

அந்த இறக்கத்துல எதிர்ல ஒரு பஸ் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? வண்டி கேட் தாண்டுற வரைக்கும் எனக்கு அந்த நினைப்பே வரலைடா. அப்புறம் வந்துது. பின்னாடியே தெருமுனை வரைக்கும் ஓடினேன். தூசிதான் இருந்தது.

நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க, சும்மா ஒரு கையெழுத்துக்கு. உன் கேஸ்ல என்ன நடந்ததோ அதைச் சொன்னவ, என் கேஸ்ல மட்டும் பாதியில நிறுத்த முடியாது. நிறுத்திப் பார்த்தேன். சோறு இறங்கலை. அந்தக் கண்ணாடியை இறக்குற சத்தம் இருக்கே, உனக்கு முட்டி மாதிரி எனக்கு அது. வைஸ் விஷயத்தையும் சொல்லுவேன், சுவரையும் சொல்லுவேன், உன் ரேடியோவையும் சொல்லுவேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவங்க என்ன குடுக்கறாங்களோ குடுக்கட்டும்.

சோடாபுட்டி ஐயா, நீங்க ரொம்ப நல்லவர். என் பழைய லெட்டரைக் கிழிக்க வேண்டாம், இதையும் அதோட சேர்த்து மேல அனுப்பிடுங்க. நானே கேட்டுக்கிட்டேன்னு சொல்லுங்க, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது.

தம்பி, நீ வர்ற அன்னிக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன். சாவி நூல் கடையில இருக்கும். வண்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்குது. நேத்து போய்க் குனிஞ்சு பார்த்தேன். முன்பக்கம் நொறுங்கிடுச்சு, வலது ஆர்ம் வளைஞ்சு தொங்குது, அந்தப் பக்க போல்ட் ரெண்டும் இல்லை. புஷ் நாலும் அப்படியே புதுசா இருக்கு, ஒண்ணுகூடக் கிழியலை. கேஸ் முடிஞ்சதும் கேட்டு வாங்கிக்கோ. ஆர்ம் வேற போட்டு, தரையில இறக்கி, நீயே முடுக்கு.

அக்கா